முட்டைப் பெட்டிக்குள் என்ன போடுவது

ஆவணி 4, புதன்

பாப்பு, இன்றைக்கும் மூன்று முட்டை உடைந்து போயிற்று.

உரக்கடையில் உனக்குக் கொடுத்த டைரியில்தான் எழுதுகிறேன். தை மாதம் நாலு நாள் எழுதிவிட்டு அப்படியே விட்டிருக்கிறாய். அந்த நாலு நாளும் எந்தக் கோழி எத்தனை இட்டது என்றுதான் இருக்கிறது. என்னுடையது ஐந்தாவது வரை படித்த எழுத்து, கோணலாகத்தான் வரும். ஆனால் பொழுது சாய்ந்தால் அன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. உன் புருஷன் போய் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னிடம்தான் சொன்னேன். ஐம்பது வயதுத் தங்கச்சியைப் பாப்பு என்று கூப்பிடுகிறாயே அக்கா, நாலு பேர் சிரிக்கிறார்கள் என்பாய். இப்போது சிரிப்பதற்கு யாரும் இல்லை.

நீ தக்காளிப் பெட்டிகளைப் பிரித்து ஆணி அடித்துச் சுவரோரம் வைத்தாயே, அந்த ஐந்து முட்டைப் பெட்டியும் வெறும் பலகையாகக் கிடக்கிறது. கோழிகள் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. கடைசியில் செவலைக் கோழியும் இன்னும் சிலதும் வேறு வழி இல்லாமல் பலகையிலேயே இட்டன. விழுந்ததும் மூன்றின் ஓடு கீறிவிட்டது. கழுத்தில் முடி இல்லாத அந்தக் கழுத்தறுத்தான் ஓடி வந்து கொத்திக் குடித்தது. இனி அது விடாது, ருசி தெரிந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நூர்ஜகான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, பிள்ளை பெறப்போறவளை வெறும் தரையில படுடின்னா படுப்பாளா? ரெண்டு கை வைக்கோலை அள்ளிப் போட வேண்டியதுதானே."

"வைக்கோல் வேண்டாம்."

"ஏன்?"

"பேன் பிடிக்கும்."

"உங்க ஊட்டுக் கோழி மட்டும் என்ன ஜமீன்தார் கோழியா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இருந்த இரண்டு நல்ல முட்டையையும் கொட்டாங்கச்சி அகப்பையால் எடுத்தேன். குனிந்தால் இடுப்பு வலிக்கிறது.

ஆவணி 6, வெள்ளி

உன் பெண் வெண்ணிலா போன் செய்தாள். மாமியார் வீட்டிலேயே வளையல் போட்டுவிட்டார்கள். உனக்கு வருஷம் திரும்பாததால் நம் வீட்டில் எதுவும் செய்யக்கூடாது. ஆனால் பிரசவத்துக்கு இங்கேதான் வருவேன் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளியாம், வெள்ளியில் பெண்ணை அனுப்ப மாட்டார்களாம்.

"பெரியம்மா, கோழியெல்லாம் இருக்குல்ல? யாருக்கும் தூக்கிக் குடுத்துடலயே?"

"இருக்குடி."

"நான் வந்து முட்டை எடுக்கிறேன். அம்மா மாதிரி காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நீ எடுக்கக் கூடாது சொல்லிட்டேன்."

"சரிடி."

"அந்த விறகு அடுக்கு?"

"நீ சொன்ன வாரமே எடுத்தாச்சு. கேஸ் அடுப்புலதான் சமைக்கிறேன்."

"ஒரு குச்சி கிடக்கக் கூடாது பெரியம்மா. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது."

ஆனி மாதம் உன்னைக் கண்ணாடி விரியன் கடித்தது விறகு அடுக்கில் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதனால் விறகு போயிற்று.

அவள் வருவதற்குள் பெட்டிக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும். அவள் கையை உள்ளே விடப்போகிற பெட்டி.

ஆவணி 8, ஞாயிறு

கொல்லையில் உரித்த தேங்காய் மட்டையை ஊறவைத்துத் தட்டி, நார் எடுத்துப் போட்டேன். மெத்தை மாதிரி இருந்தது. காசில்லாமல் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆவணி 9, திங்கள்

நாரைப் பிடுங்கிப் போட்டேன். செவலை காலில் சுற்றிக்கொண்டு பெட்டியையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. நூர்ஜகான் வந்து பிடித்துக்கொள்ள, நான் கத்தரியால் வெட்டிவிட்டேன். "கோழியைக் கட்டிப் போட்டு முட்டை வாங்குறீங்களா" என்று கேட்கிறாள்.

ஆவணி 11, புதன்

செக்கில் கடலைத் தோல் ஒரு சாக்கு கொடுத்தார்கள். காலையில் ஐந்து பெட்டியிலும் நிரப்பினேன். மதியத்துக்குள் சீய்த்துச் சீய்த்து அத்தனையும் வெளியே. ஒட்டியிருந்த பருப்புத் துணுக்கைத் தேடுகின்றன. முட்டை இடுகிற இடத்தைச் சாப்பாட்டுக் கடை ஆக்கிவிட்டேன். மறுபடியும் பலகை.

உமி போடலாமா என்று யோசித்தேன். நாலு வருடத்துக்கு முன் நீ போட்டுப் பார்த்தாய். காற்றடித்து எல்லாம் சோற்றுப் பானையில் வந்து விழுந்தது. நீயும் நானும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

ஆவணி 13, வெள்ளி

மரம் அறுக்கிற மில்லுக்குப் போய் மரத்தூள் கேட்டேன். அங்கே இருக்கிற பெரியவர், "எதுக்கும்மா, ஊதுபத்தி உருட்டவா?" என்றார். கோழிப் பெட்டிக்கு என்றேன். "கோழிக்கா? எங்க வீட்டுக் கோழி எங்க வண்டி டயர்லயே இடுது. நீங்க என்னமோ பஞ்சு மெத்தை தேடுறீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, "உங்க தங்கச்சி வருமே, உயரமா ஒரு அம்மா, காணலயே" என்றார்.

வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

தூள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியில் ஒரு சாண் ஆழத்துக்கு நிரம்பியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. குச்சியால் கிளறிப் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கிளறினேன். கடைசியில் எல்லாவற்றையும் அள்ளித் தென்னை மரத்தடியில் கொட்டினேன்.

ஆவணி 15, ஞாயிறு

புள்ளி போட்ட பொறிக்கோழி அடைக்கு நிற்கிறது. வெறும் பலகையில், ஒரு முட்டையும் இல்லாமல், இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறது. தூக்கி வெளியே விட்டால் சிலிர்த்துக்கொண்டு மறுபடி அங்கேயே போய் உட்காருகிறது. தீனியும் எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அடை வைக்க மணல்தான். அதில் உனக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. மற்ற நாளைக்குத்தான் நீ மணல் கட்சி, நான் வைக்கோல் கட்சி. மணல் இறுகிப் போகிறது, முட்டை கீறுகிறது என்பேன் நான். நீ சொல்வாய்: "மண்ணுன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கை விடலாம்க்கா. வைக்கோல்னா நாலு கண்ணு வேணும்." வருடக்கணக்காக இதே பேச்சு. நூர்ஜகான்கூட, "உங்க ரெண்டு பேரையும் எலெக்சன்ல நிறுத்தணும்" என்பாள்.

மணல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எலுமிச்சை மரத்தடியில். நான்தான் கொட்டினேன்.

மாவுச் சல்லடையை எடுத்துப்போய், தரையோடு கலந்ததை அங்கேயே விட்டுவிட்டு, மேலாக அள்ளிச் சலித்தேன். எலுமிச்சை இலை, எறும்பு, கோழி எச்சம், ஒரு ஊக்கு. ஊக்கு உன்னுடையது. மணலை வெயிலில் பரப்பிக் காயவைத்தேன். மூன்றாவது பெட்டியில் கொட்டி நடுவில் குழி செய்து ஒன்பது முட்டை வைத்தேன். இடி இடித்தால் முட்டை கலங்கக் கூடாது என்று ஓரத்தில் கரித்துண்டும் இரும்பு ஆணியும் காய்ந்த மிளகாயும் செருகினேன். பொறி ஏறி உட்கார்ந்தது. முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகத் தன் வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டது.

மிச்ச மணல் மற்ற நாலு பெட்டிக்கும் இரண்டு விரல் கனம் வந்தது. போதும். உள்ளே மூலை வரை தெரிகிறது.

ஆவணி 17, செவ்வாய்

நாலு முட்டை. ஒன்றும் உடையவில்லை. அகப்பையால்தான் எடுத்தேன்.

ஆவணி 26, வியாழன்

வந்துவிட்டாள். வயிறு முன்னால் வருகிறது, அவள் பின்னால் வருகிறாள். உன்னை மாதிரியே இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடக்கிறாள். உன் போட்டோவைப் பார்த்து அழுதாள், நானும் அழுதேன், அப்புறம் இரண்டு பேரும் மீன் குழம்பு சாப்பிட்டோம். மூன்று முறை சோறு வாங்கினாள். இந்த வீட்டில் இன்னொருவர் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆவணி 27, வெள்ளி

காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். அவள் பெட்டிகளின் முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே, பார்க்காமலே உள்ளே கை விட்டாள்.

நான் போட்ட சத்தத்தில் நூர்ஜகான் வேலிக்கு ஓடி வந்துவிட்டாள்.

"என்னா பெரியம்மா?"

"கையை எடு. பார்க்காமக் கை விடாத."

"மண்ணுதானே. அம்மா எப்பவும் இப்படித்தானே எடுக்கும்."

கையில் முட்டையோடு என்னையே பார்த்தாள். பிறகு கொல்லையில் நடந்தாள். திரும்பி வந்து கேட்டாள், "எலுமிச்சை அடியில ஏன் பெட்டி மண்ணு கிடக்கு? அம்மா அந்த மண்ணை யாரையும் தொட விடாதுல்ல."

மழையில் சரிந்தது என்றேன். பெட்டி இருப்பது கூரைக்குக் கீழே. அவள் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆவணி 28, சனி

இன்று சொல்லவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

இன்றும் இல்லை. அவளுக்குக் காலில் வீக்கம். பார்லி கஞ்சி வைத்தேன். மாசமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். பிறந்த பிறகு, பச்சை உடம்புக்காரியிடம் எப்படிச் சொல்வது என்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆவணி 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவளாகத்தான் ஆரம்பித்தாள். "பெரியம்மா, நீ ஏன் அகப்பையால முட்டை எடுக்கிற?" என்றாள். இடுப்பு என்றேன். "இடுப்பு வலிக்கிறவ மட்டும் குனிஞ்சு கீரை பறிப்பாளா" என்றாள். உன் பெண் அல்லவா.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவளிடம் சொன்னபடியே எழுதுகிறேன். அன்றைக்கு நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். முந்தின நாள் இரண்டு முட்டை கீறியிருந்தது. கோடை நடவு அறுத்த புது வைக்கோல், வாசனையாக இருந்தது. நீ வருவதற்குள் மாற்றிவைத்து, பார்த்தாயா ஒன்றும் கீறவில்லை என்று உன்னிடம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. மணலை எல்லாம் அள்ளி எலுமிச்சை அடியில் கொட்டிவிட்டு, ஐந்து பெட்டியிலும் வைக்கோலை நிறைத்தேன். நீ களைத்து வந்தாய். டீ போட்டுக் கொடுத்தேன். மாற்றியதைச் சொல்லவில்லை. நீயே பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொழுது சாய நீ முட்டை எடுக்கப் போனாய். நான் அடுப்படியில் உன் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், பாப்பு. நீ திட்டுவாய், நான் சிரிக்க வேண்டும் என்று.

நீ முந்தானையில் நாலு முட்டையோடு வந்து நின்றாய். "ஒண்ணும் கீறலக்கா" என்றாய். அப்புறம்தான், "கையில என்னமோ குத்திருச்சு" என்றாய்.

டார்ச் எடுத்துப்போய்ப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியில், வைக்கோலுக்குள், வைக்கோல் நிறத்திலேயே சுருண்டு கிடந்தது. அது தானாக இறங்கி வேலிக்குள் போயிற்று. நூர்ஜகான் புருஷன் வண்டி எடுத்தார். நாலாம் நாள் உன்னைக் கொண்டுவந்தோம். எல்லாம் முடிந்த மறுநாள் வைக்கோலை எரித்தேன்.

இதைச் சொல்லி முடிக்கும்போது கீரை மொத்தமும் ஆய்ந்திருந்தேன். தண்டு எது இலை எது என்று பார்க்காமல் ஆய்ந்திருக்கிறேன். வெண்ணிலா எழுந்து உள்ளே போனாள்.

ஆவணி 31, செவ்வாய்

சாப்பிடவில்லை. நூர்ஜகான் வீட்டில் போய்ச் சாப்பிட்டாள். சாப்பிட்டாளே, அது போதும்.

புரட்டாசி 1, புதன்

"அம்மா என்கிட்ட விறகுன்னு சொன்னுச்சே" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"சொன்னா."

"ஆஸ்பத்திரியில நான் கேட்டப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன்."

"நின்னுக்கிட்டு, நான் விறகை எல்லாம் அள்ளிப் போடச் சொன்னப்ப, நீங்களும் சரின்னு அள்ளிப் போட்டீங்க."

பிறந்ததிலிருந்து அவள் என்னை வாங்க போங்க என்று சொன்னதில்லை. ஆமாம் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டுவரச் சொல்லிருக்கேன். அங்கேயே பாத்துக்குறேன்."

டாக்டர் இந்த மாதத்தில் அலையக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல நான் யார்.

புரட்டாசி 2, வியாழன்

அவள் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தேன். பிள்ளைக்கு என்று உன் பழைய நூல் புடவையைக் கிழித்துத் தைத்திருந்த எட்டுத் துணியையும் பைக்குள் வைத்தேன். எடுத்து வெளியே வைக்கவில்லை அவள். பார்த்தாள், ஜிப்பை மூடினாள்.

புரட்டாசி 4, சனி

நாளையோடு பொறி உட்கார்ந்து இருபத்தொரு நாள். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. வெண்ணிலாவைக் கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. சும்மா சத்தமாக, "பொறிக்கோழிக்கு நாளைக்குன்னு நினைக்கிறேன்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

அமாவாசை. உனக்குச் சோறு வைத்தேன். காக்கா வருவதற்குள் கழுத்தறுத்தான் வந்து கொத்திவிட்டது. நீ இருந்தால் அதை இன்றைக்கே குழம்பு வைத்திருப்பாய்.

கொல்லைக்குப் போனபோது வெண்ணிலா மூன்றாவது பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் அகப்பையோடு போய் நின்றேன்.

"எத்தனை பொரிச்சிருக்குன்னு பாருங்க" என்றாள்.

அகப்பையை நீட்டினேன்.

"அதால இல்ல. கையால."

என்னால் முடியவில்லை, பாப்பு. பெட்டிக்கு ஒரு முழம் தள்ளியே கை நின்றுவிட்டது.

"அம்மா எதுக்குப் பொய் சொன்னுச்சுன்னு இத்தனை நாளா யோசிச்சேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "அது உங்களுக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னுச்சு. அம்மாவும் போயிட்டா, பிள்ளை பெக்க நான் வர்றதுக்கு இந்த வீட்டை விட்டா வேற எது இருக்கு?"

கோழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"கை விடுங்க பெரியம்மா. நீங்க விட்டாத்தான் நானும் விடுவேன்."

விட்டேன். பொறி சும்மா விடுமா, புறங்கையில் நச்சென்று கொத்தியது. எடுக்கவில்லை. அதன் வயிற்றுக்குக் கீழே கொண்டுபோனேன். மணல் வெதுவெதுவென்று இருந்தது. ஈரமாக, எலும்பும் தோலுமாக ஒன்று விரலில் முட்டியது. அப்புறம் இன்னொன்று. ஓட்டுத் துண்டுகள். ஏழு எண்ணினேன். இரண்டு முட்டை அசைவில்லாமல் கிடந்தன, கூமுட்டை. ஏழு என்று சொன்னேன். "ஏழா?" என்று அவள் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் விட்டாள். அவளையும் ஒரு கொத்துக் கொத்தியது. "சனியன்" என்று சிரித்துவிட்டாள், உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

மதியம் மாப்பிள்ளை வண்டியோடு வந்தார். சாப்பிட்டார். பையைத் தூக்கப் போனபோது அவள், "நீங்க கிளம்புங்க. குஞ்சு எல்லாம் தீனி எடுக்க ரெண்டு நாளாகும், அதைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். ரெண்டு நாளைக்குப் பிறகு என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. ஜிப் மூடியபடி.

சாயங்காலம் மற்ற நாலு பெட்டியிலும் நானே முட்டை எடுத்தேன். அகப்பை அடுப்படியில் மாட்டியிருக்கிறது. கையில் பொறி கொத்திய இடம் சிவந்திருக்கிறது, மஞ்சள் வைத்தேன்.

எடுக்கும்போது ஒன்று தோன்றியது. மணல் பட்டால் மணல் என்று கைக்குத் தெரிகிறது. பார்க்கவே வேண்டாம். அப்படியென்றால் அன்றைக்கு வைக்கோல் பட்டதும் உன் கைக்கும் தெரிந்திருக்கும். போட்டது நான்தான் என்றும் தெரிந்திருக்கும். வைக்கோல் என்றால் நாலு கண் வேண்டும் என்று சொன்னவள் நீ. பிறகு ஏன் கையை எடுக்காமல் உள்ளே விட்டாய், பாப்பு? நான் சொன்னபடி முட்டை கீறாமல் இருக்கிறதா என்று பார்க்கவா?